சாப்பிடாத கார்

"மக்கினா நோன் மாஞ்ஜா," என்றது ஒரு பெண் குரல்.

கார் சாப்பிடவில்லை. கார் சார்ஜ் ஆகாதபோது எங்கள் உதவி எண்ணுக்கு அழைக்கிறவர்கள் அதைப் பல விதமாகச் சொல்வார்கள். சார்ஜ் ஏற்றும் கம்பம் செத்துவிட்டது என்பார்கள். கம்பம் கார்டை விழுங்கிவிட்டது என்பார்கள். சிலர் நேராக என்னையே ஏசத் தொடங்குவார்கள். சாப்பிடவில்லை என்று யாரும் சொன்னதில்லை. அது வயதானவர்களை வீடுகளில் பராமரிக்கிறவர்களின் இத்தாலியன். சாப்பிட்டாள், சாப்பிடவில்லை, குளிசை போட்டாள், நித்திரை கொண்டாள். வேலைக்குத் தேவையான வினைச்சொற்கள் மட்டும்.

கம்பத்தில் ஒட்டியிருக்கும் இலக்கத்தைக் கேட்டேன். வாசித்தார். நகரத்தின் பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பக்கத்தில், பஸ்கள் திரும்பும் இடத்துக்குப் பின்னால் இருக்கும் கம்பம். எங்கள் அலுவலகத்திலிருந்து நடந்தே போகலாம். நடுவில் ஒரு பூச்சியத்தை விட்டுவிட்டு, "ஐயோ, பூச்சியம், பூச்சியம்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

"அக்கா, தமிழிலையே சொல்லுங்கோ," என்றேன்.

பஸ் சத்தத்துக்கு மேலாக அவர் குரல் உயர்ந்தது.

"ஆர்? கம்பத்துக்கை தமிழ்ப் பிள்ளையோ இருக்கு?"

"கம்பத்துக்கை இல்லை அக்கா, ஒஃபிசிலை. சயந்தினி எண்டு பேர்."

"நான் நிசாந்தி. விசுவமடு. இல்லை, அது ஊர், இஞ்சை இருக்கிறது ஒரேத்தோ ரோட். ஐயோ பிள்ளை, நாலு மணிக்கு மனிசன் எயார்போட்டிலை வந்து இறங்கிறார். ஏழு வரியத்துக்குப் பிறகு வாறார். இந்தக் கார் வந்த நேரந் தொட்டு என்னைப் பேய்க்காட்டுது."

மணி பன்னிரண்டரை. அழைப்புகள் பதிவாகும். இத்தாலியனிலோ ஆங்கிலத்திலோதான் கதைக்க வேண்டும் என்பது விதி. எதிர் மேசையில் எங்கள் பொறுப்பாளர் கஸ்பாரே ஒரு காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

காரின் முன்மூக்கில் இருக்கும் மூடியைத் திறந்து என்ன தெரிகிறது என்று சொல்லச் சொன்னேன்.

"ரெண்டு ஓட்டை. ஒண்டு சின்னன், ஒண்டு பெரிசு."

அதிலேயே கார் எதுவென்று தெரிந்துவிட்டது. ஜப்பான் கார், பழைய மாதிரி. ஐரோப்பா எல்லாக் கார்களுக்கும் ஒரே வடிவம் என்று முடிவெடுப்பதற்கு முன் வந்தது. சின்ன ஓட்டை மெதுவாக மின்னேற்றுவதற்கு. பெரியது வேகமாக ஏற்றுவதற்கு. அந்த வடிவத்துக்குச் சாடெமோ என்று பெயர். இப்போது இங்கே விற்கும் புதுக் கார்களில் பெரும்பாலும் இரண்டு வடிவமும் இல்லை. புதுக் கம்பங்களிலும் சாடெமோ வயர் வைப்பது குறைந்துகொண்டே வருகிறது. ஸ்தாசியோனேக் கம்பம் பழையது என்பதால் அதில் இன்னும் ஒன்று தொங்குகிறது. அக்காவுக்கு அதிர்ஷ்டம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"கம்பத்திலை ரெண்டு தடிச்ச வயர் இருக்குதெல்லே, எதைக் கொழுவினீங்கள்?"

"முதல் ஒண்டைக் கொழுவப் பாத்தன். ரக்சிக்காரர் ஒராள் வந்து, சிஞ்ஞோரா இதுதான் எண்டு தள்ளு தள்ளெண்டு தள்ளினார். போகேல்லை. கார்தான் பிழை எண்டிட்டுப் போட்டார். பிறகு வட்டமாய் இருக்கிறதை எடுத்தன். அது போச்சுது. டிக் எண்டும் கேட்டது. ஆனா மாஞ்ஜா இல்லை."

என் திரையில் அந்தக் கம்பம் செய்த எல்லாம் வரிவரியாக இருந்தது. இணைப்பு கிடைத்தது. வாகனம் பதில் தரவில்லை. நிறுத்தப்பட்டது. அதே மூன்று வரிகள், திரும்பத் திரும்ப.

வயரைக் கொழுவியதும் மின்சாரம் பாய்ந்துவிடும் என்று ஆட்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முதலில் கம்பமும் காரும் கதைத்துக்கொள்ள வேண்டும். நீ யார், உன்னால் எவ்வளவு தாங்க முடியும், பூட்டு விழுந்துவிட்டதா என்று ஒன்றையொன்று கேட்டு, பதில் வந்து, அந்தப் பதில் இரண்டுக்கும் திருப்தியாக இருந்தால்தான் மின்சாரம். அது எப்போதும் கடைசியில் வருவது. இங்கே கம்பம் கேட்டுக்கொண்டே இருந்தது. கார் வாயைத் திறக்கவில்லை.

இங்கிருந்தே கம்பத்தை ஒருமுறை நிறுத்தி இயக்கினேன். மறுபடி கொழுவச் சொன்னேன். மறுபடி அதே மூன்று வரிகள்.

இந்த இடத்தில் நான் சொல்ல வேண்டிய வசனம் ஒன்று இருக்கிறது. தங்கள் வாகனம் இந்த நிலையத்துடன் பொருந்தவில்லை, தயவுசெய்து வேறு நிலையத்துக்குச் செல்லவும். அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று காலையில் இதே மாதிரிக் கார் ஒன்று இதே வட்ட வயரில் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. பொருந்துகிறதுதான்.

"பெரிய ஓட்டையிலை இதுக்கு முதல் எப்பவாவது ஏத்தினீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. அன்ரனி அண்ணையிட்டை வாங்கின கார். அவர் லண்டன் போகேக்கை வித்தவர். வீட்டு பிளக்கிலை குத்திற வயர் ஒண்டு தந்தவர், அது சின்ன ஓட்டைக்கு. பெரிசு அவசரத்துக்கு, அரை மணித்தியாலத்திலை நிரம்பும் எண்டவர். நான் லிபெர்த்தாவிலை வயசான சிஞ்ஞோரா ஒராளைப் பாக்கிற வீட்டு கராஜிலைதான் குத்துறனான். போன கிழமை கண்டொமினியோ, அந்தக் கட்டடத்து ஆக்கள், கூட்டம் போட்டு, கராஜிலை குத்தக்கூடாது எண்டிட்டினம். நெருப்புப் பிடிக்குமாம். என்ரை வீடு மூண்டாம் மாடி. வயர் எட்டாது."

"இப்ப எவ்வளவு தூரம் ஓடும் எண்டு காட்டுது?"

"பதினாலு."

விமானநிலையம் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

"அக்கா, அந்தப் பெரிய ஓட்டைக்குள்ளை தூசி, ஊத்தை ஏதும் இருக்கோ எண்டு பாருங்கோ."

"ஊத்தையோ? என்ரை காரிலையோ?" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சிஞ்ஞோராவின்ரை பல்செற்றை விட இதைத்தான் பிள்ளை நான் கூடத் துடைச்சிருப்பன். ஒரு ஊத்தையும் இல்லை."

நான் யோசித்தேன். எங்கள் வீட்டுக் காரை வாங்கிய அன்றும் அப்பா எங்கள் எவரையும் ஏற விடவில்லை. முதலில் கோயில், பிறகுதான் வீடு.

"அக்கா, காருக்குப் பூசை செய்தனீங்களோ?"

"பின்னை? செய்யாமல் ஓடுவமே?"

"பொட்டு எங்கெங்கை வைச்சவை?"

"ஸ்ரியரிங்கிலை. நாலு சில்லிலையும். பிறகு ஐயர் எஞ்சினைத் திற எண்டார். ஐயா, இதுக்கு எஞ்சின் இல்லை, கரண்ட் எண்டன். அப்ப கரண்ட் போற வாயைக் காட்டு எண்டார். திறந்து காட்டினன். சின்னதிலை வைக்காதேங்கோ ஐயா, அது நான் ஒவ்வொரு நாளும் குத்துறது எண்டும் சொன்னனான். பெரிசு சும்மாதானே கிடக்கு எண்டு..."

போனில் துணி உரசியது, குனிந்து பார்க்கிறார் போல.

"கனக்க வைச்சவரோ?"

"நல்லா வைச்சவர். தட்சணையும் நல்லாத்தான் குடுத்தனான்." குரல் மெலிந்துவிட்டது. "சந்தனம். அதுக்கு மேலை குங்குமம்."

ஊத்தை இருக்கிறதா என்று கேட்டது என் பிழை. சந்தனத்தை யாராவது ஊத்தை என்று சொல்வார்களா?

பெரிய ஓட்டைக்குள் மின்சாரம் போவதற்குத் தடித்த முனைகள் இரண்டு. கதைப்பதற்குச் சுற்றிவர மெல்லிய முனைகள், பேனா ரீஃபில் அளவு. சந்தனம் அவற்றுக்குள் இறங்கிக் காய்ந்திருக்க வேண்டும். காரால் கதைக்க முடியவில்லை என்று அக்காவுக்குச் சொன்னேன்.

"ஹெயார்பின் இருக்கு. சுரண்டட்டோ?"

"வேண்டாம்!" என் குரலுக்கு நானே திடுக்கிட்டேன். "ஒண்டையும் உள்ளுக்கை விடாதேங்கோ. விரலாலையும் தொடாதேங்கோ. அதை மெக்கானிக் கழட்டித் துப்புரவாக்க வேணும்."

அந்த ஓட்டைக்குள் எதையும் விடக்கூடாது என்று எங்கள் கைநூலில் தடித்த எழுத்தில் இருக்கிறது. எழுதியவர் சந்தனத்தை நினைத்திருக்கமாட்டார். ஆனாலும் விதி சரி. அதற்குப் பின்னால் இருப்பது வீட்டு மின்சாரத்தைவிட வலிமையானது.

"நீங்கள் ஸ்தாசியோனேயிலைதானே நிக்கிறீங்கள்," என்றேன். "எயார்போட்டுக்கு ரெயின் இருக்கு. நேரமும் இருக்கு."

"ரெயின் எனக்குத் தெரியாதே பிள்ளை? இவரின்ரை தமையன் குலேந்திரன் அண்ணையும் வான் கொண்டு வாறன் எண்டு விடியத் தொட்டு போன் அடிக்கிறார்." மூச்சு விடும் சத்தம் கேட்டது. "இவர் அங்கை லொறி ஓடுறவர். தன்ரை மோட்டச்சைக்கிளின்ரை ஹாண்டிலைக் கூட என்னைத் தொட விட்டதில்லை. நான் பத்தேந்தே எடுத்திட்டன், லைசென்ஸ் கையிலை இருக்கு எண்டு சொன்னா, பகிடி விடாதையடி எண்டு சிரிக்கிறார். தான் வந்து ஓடுறாராம், சாவியை எடுத்து வை எண்டு இப்பவே சொல்லுறார். தன்ரை லைசென்சை இஞ்சை மாத்தலாம் எண்டு ஆரோ சொல்லியிருக்கினம். நான் இத்தாலியன்லை படிச்சு, ரெண்டு தரம் பெயில் விட்டு எடுத்தது."

"ம்."

"முதல் நாள் ஆர் ஓடுகினமோ, பிறகும் அவைதான் பிள்ளை. நான் ரெயினிலை போய் நிண்டா அவர் என்னைக் கூட்டிக்கொண்டு வருவார். காரிலை போய் நிண்டா நான் அவரைக் கூட்டிக்கொண்டு வருவன். விளங்குதோ?"

விளங்கியது.

"நில்லுங்கோ அக்கா," என்றேன். "கம்பத்திலை வயர் இல்லாத ஓட்டை ஒண்டும் இருக்கும். அதைப் பாருங்கோ."

இங்கே தெருக்கம்பங்களில் மெதுவாக ஏற்றும் பக்கத்தில் பெரும்பாலும் வயர் இருக்காது. ஓட்டை மட்டும்தான். வயரை ஓட்டுநர் கொண்டு வரவேண்டும். அக்காவிடம் இருந்த வயரின் ஒரு முனை காரின் சின்ன ஓட்டைக்குப் பொருந்தும், மறுமுனை சுவர் பிளக். தேவையானது ஒரு முனை சின்ன ஓட்டைக்கும் மறுமுனை கம்பத்தின் ஓட்டைக்கும் பொருந்துகிற வயர். கடைகளில் தேடினால் கிடைக்காது, சொல்லி எடுக்க வேண்டும். ஆனால் எங்கள் அலுவலக அலுமாரியில், ஏதோ கண்காட்சிக்கு வாங்கியது, ஒன்று கிடந்தது. அதை நான் பார்த்திருக்கிறேன்.

அழைப்பைக் காத்திருப்பில் போட்டுவிட்டு கஸ்பாரேயிடம் போனேன்.

"முடிந்ததா கச்சேரி?" என்றார். "தமிழ் கேட்டால் யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து ஸ்டார்ட் பண்ணுவது போல இருக்கிறது. நிற்கவே இல்லை."

வயரைக் கேட்டேன்.

"அது வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கிறதற்கு இல்லை."

"தெரியும்."

"அந்த சிஞ்ஞோராவுக்கு ரயில் தெரியாதா?"

நான் சுருக்கமாகச் சொன்னேன். கணவர், ஏழு வருடம், பத்தேந்தே, முதல் நாள். இத்தாலியனில் சொன்னபோது இன்னும் சுருக்கமாகிவிட்டது. கஸ்பாரே தாடையைத் தடவினார்.

"என் வீட்டில் முதல் நாள் நான்தான் ஓட்டினேன்," என்றார். "இப்போது பார், கார் மனைவியிடம், நான் பஸ்ஸில் வேலைக்கு வருகிறேன்." அலுமாரிச் சாவியை மேசையில் என் பக்கம் தள்ளினார். "சாப்பாட்டு நேரத்தில் நீ எங்கே போகிறாய் என்று நான் கேட்பதில்லை. வயர் திரும்பி வரவேண்டும்."

வயர் நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். ஸ்தாசியோனே வாசலில் ஆட்கள் விலகி வழி விட்டார்கள்.

நிசாந்தியக்கா கம்பத்தின் முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். புதுச் சுடிதாருக்கு வேலைக்குப் போடும் வெள்ளைச் சப்பாத்து. கார் வெள்ளி நிறம். அதன் மூக்கு திறந்திருந்தது. நான் குனிந்து பார்த்தேன். பெரிய ஓட்டைக்குள் முனைகளைச் சுற்றி வெளிர்மஞ்சள், நடுவில் சிவப்பு. வடிவாகத்தான் இருந்தது.

"நீரே அந்தப் பிள்ளை?"

தலையாட்டினேன்.

"கம்பத்துக்கை நல்லாக் கதைச்சீர். நேரிலை வாயைக் காணேல்லை."

வயரின் ஒரு முனையைக் கம்பத்தில் செருகினேன். மறுமுனையை அவரிடம் கொடுத்தேன். அவர் சின்ன ஓட்டையில் கொழுவினார். கம்பத்தில் பூட்டு விழுந்தது. இரண்டும் தங்களுக்குள் கதைத்து முடிப்பதற்குள் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காரின் முன்கண்ணாடிக்குக் கீழே நீல வெளிச்சம் ஒன்று மினுங்கத் தொடங்கியது.

"மாஞ்ஜா!" என்று அக்கா கத்தினார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "மாஞ்ஜா பிள்ளை, மாஞ்ஜா!"

"மெதுவாத்தான் அக்கா ஏறும். ஒரு மணித்தியாலத்துக்கு இருபது கிலோமீற்றர் மட்டிலைதான்."

"சிஞ்ஞோராவும் அப்பிடித்தான். ஒரு கோப்பை சூப்புக்கு ஒரு மணித்தியாலம். எனக்குப் பழக்கம்."

காரின் பின் கதவைத் திறந்து என்னை இருத்தி, பொலித்தீன் பையிலிருந்து பொரித்த ரோல்ஸ் ஒன்றை எடுத்துத் தந்தார். கணவருக்கு எடுத்து வைத்தது போலிருந்தது. வேண்டாம் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் வெள்ளை வான் ஒன்று எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது. இறங்கியவருக்கு ஐம்பது வயது இருக்கும். குலேந்திரன் என்று சொல்லாமலே தெரிந்தது.

"நான் சொன்னனானோ இல்லையோ?" என்றார். "வானுக்கு டீசல் அடிச்சாச் சரி. இது தவம் இருக்கிற கார்."

"சத்தம் போடாதேங்கோ அண்ணை. ஏறுது."

"எறும்பு ஊருற மாதிரி ஏறுது. நிசாந்தி, நேரத்தைப் பார். வானிலை ஏறு. காரைப் பிறகு எடுக்கலாம்."

"நான் காரிலைதான் போறன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "பிள்ளை படிச்ச பிள்ளை மாதிரிக் கிடக்கு. கொம்பனி ஆளோ? நீங்கள் சொல்லுங்கோ. இது அங்கை மட்டும் போய்ச் சேருமோ?"

அக்காவும் என்னைப் பார்த்தார். சேரும் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. நான் மனதில் கணக்குப் போட்டேன். இரண்டேமுக்காலுக்குக் கழற்றினால் காட்டும் எண் ஐம்பதுக்குக் கிட்ட வரும். தூரத்துக்கு அது தாராளம். ஆனால் அந்த எண் நகரத்துக்குள் ஓடுகிற ஓட்டத்தை வைத்துச் சொல்வது. வேகம் கூடினால் காற்று தின்றுவிடும்.

"ஓட்டோஸ்திராடா வேகவீதியிலை நூறிலை போனா, போய்ச் சேருமோ எண்டு சந்தேகம்," என்றேன். "எண்பதுக்கு மேலை போகாட்டிச் சேரும். ஏசி போடக்கூடாது. அங்கை போய்த் திரும்பவும் ஏத்த வேணும்."

"பாத்தியோ!" என்றார் குலேந்திரன். "எண்பதிலை ஓட்டோஸ்திராடாவிலை போனா பின்னாலை வாறவன் ஹோன் அடிச்சே கொல்லுவான்."

"நான் எழுபதுக்கு மேலை ஒருநாளும் ஓடினதில்லை," என்றார் அக்கா.

குலேந்திரன் வானில் சாய்ந்துகொண்டார்.

"சரி, நீ முன்னாலை போ. நான் வானிலை பின்னாலை வாறன். வழியிலை நிண்டா ஏத்திறன்."

"வேண்டாம் அண்ணை. உங்கடை வானைக் கண்டா அவர் அதிலைதான் ஏறுவார். நான் தனியக் காரைக் கொண்டு வரவேணும்."

"அவன் என்ரை தம்பி, நிசாந்தி." குரல் மாறியிருந்தது. "நானும் அவனைக் கண்டு எத்தினை வரியம். அவன் வெளியிலை வரேக்கை நான் அங்கை நிக்காட்டி என்ன நினைப்பான்?"

அக்கா சுடிதார் சால்வையின் நுனியை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். நான் ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்கள் வீட்டு வாசல்லை நில்லுங்கோ அண்ணை," என்றார் கடைசியில். "கதவை நீங்கள் திறவுங்கோ. இஞ்சை அவருக்குச் சொந்தம் எண்டு இருக்கிறது நீங்கள்தான். அது அவருக்கு வீட்டை வந்தாப் பிறகுதான் வேணும். இது... இது ஒண்டை மட்டும் எனக்கு விடுங்கோ."

குலேந்திரன் காரைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், நீல வெளிச்சத்தைப் பார்த்தார்.

"கோழி ஆர் காய்ச்சிறது?"

"வெட்டிக் கழுவி வைச்சிருக்கிறன்."

"நான் காய்ச்சிறன். நீ காய்ச்சினா அவன் அடுத்த பிளேனிலை திரும்பிப் போயிடுவான்." வானில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடியை இறக்கினார். "கண்ணாடியைப் பாத்து ஓடு. ரோட்டை மட்டும் பாக்கிறேல்லை."

என் சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. இரண்டேமுக்காலுக்கு முன் கழற்ற வேண்டாம் என்றும், வயரை மறக்காமல் கொண்டு போகும்படியும் சொன்னேன். விமானநிலையக் கார்த் தரிப்பிடத்தில் உள்ள கம்பத்தில் சாடெமோ இல்லை, ஆனால் வயரில்லாத ஓட்டை இருக்கிறது, அதில் கொழுவலாம் என்றேன். நேரில் நான் அவ்வளவு கதைத்தது எனக்கே ஆச்சரியம்.

மேசைக்குத் திரும்பி அழைப்புகளை எடுத்தேன். மொந்தெல்லோக் கடற்கரையில் ஒரு ஜெர்மன்காரரின் வயர் கம்பத்திலிருந்து கழற்ற வரவில்லை. இன்னொருவர் அடுத்த காரில் கொழுவிவிட்டுத் தன் கார் ஏன் ஏறவில்லை என்று கேட்டார். திரையின் ஓரத்தில் ஸ்தாசியோனேக் கம்பத்தைத் திறந்து வைத்திருந்தேன். சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் பிந்தித்தான் கழற்றினார். நல்லது, இன்னும் இரண்டு கிலோமீற்றர்.

அதற்குப் பிறகு பார்க்க ஒன்றும் இல்லை. கம்பங்கள்தான் என் திரையில் தெரியும், கார்கள் தெரியாது. விமானநிலையக் கம்பத்தைத் திறந்தேன். காலி என்று பச்சையில் இருந்தது. மூன்றரைக்கும் பச்சை. நாலு மணிக்கும் பச்சை. பாதி வழியில் இருக்கும் கப்பாச்சிக்கு முன்னால் எங்கேயாவது ஓரமாக நிற்கிறாரா என்று நினைத்தேன். நூறில் போனால் சந்தேகம் என்று சொன்ன அதே வாயால், காற்று எதிரே அடித்தால் எண்பதிலும் சந்தேகம்தான் என்று சொல்லியிருக்க வேண்டுமோ? அன்று கடற்பக்கம் காற்று இருந்தது. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

"சேர்ந்துவிட்டாரா?" என்று கஸ்பாரே இரண்டு தரம் கேட்டார். வயரைப் பற்றித்தான் கேட்கிறார் என்று காட்டிக்கொண்டார்.

ஐந்து மணி தாண்டியபோது பச்சை நீலமானது. மெதுவான பக்கம். அந்தப் பக்கத்தில் இவ்வளவு மெதுவாக ஏறுகிற கார் இப்போது அதிகம் இல்லை. ஏறிய அளவைக் காட்டும் எண் கொஞ்சம் கூடியிருந்தபோது தொலைபேசி அடித்தது. கம்பத்தின் இலக்கத்தை நான் கேட்கவில்லை.

"பிள்ளை," என்றார் அக்கா. அடங்கிய குரல், காருக்கு வெளியே நின்று கதைக்கிறார் போல. "வந்து சேர்ந்திட்டன். ஒம்பது எண்டு காட்டிச்சுது. பிளேன் பிந்திச்சு வந்தது, வயரும் கொழுவாமல் ஓடிப்போய் அவருக்கு முன்னம் நான் நிண்டிட்டன்."

"அவர்?"

"வந்தார். அழுதார். பிறகு குலேந்திரன் எங்கை எண்டார். வீட்டிலை எண்டன். அப்ப ஆர் வந்தது எண்டார். கார்ச் சாவியைக் காட்டினன். லைசென்சைக் காட்டு எண்டார். அதையும் காட்டினன். திருப்பித் திருப்பிப் பாத்திட்டு, போட்டோ வடிவில்லை எண்டார்."

நான் சிரித்துவிட்டேன்.

"கேளும் பிள்ளை. காரடிக்கு வந்ததும் நான் வயரைக் கொழுவினன், இவர் பெட்டியைப் பின்னாலை போட்டார். கை நீட்டிச் சாவியை வாங்கிப்போட்டார். நானும் குடுத்திட்டன். கை தானாக் குடுத்திட்டுது. இவர் நேரை போய் வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறிக் குந்தினார்."

"வலப்பக்கமோ?"

"எங்கடை ஊரிலை டிரைவர் அந்தப் பக்கம்தானே. இருவது வரியம் அந்தப் பக்கக் கதவைத் திறந்த மனிசன். குந்தி, பெல்ற்றும் போட்டு, கையைத் தூக்கினார். முன்னாலை ஸ்ரியரிங் இல்லை." அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. "நான் பேசாமல் இந்தப் பக்கம் ஏறி இருந்தன். சாவியைத் தாங்கோ எண்டன். தந்தார். பிறகு, தான் இறங்கி இஞ்சாலை வரட்டோ எண்டு கேட்டார். வயர் கொழுவியிருக்கேக்கை ஆக்கள் இடம் மாறக்கூடாது, கரண்ட் எண்டு சொல்லிப்போட்டன்."

அப்படி ஒரு விதி எங்கள் கைநூலில் எங்கும் இல்லை.

"லொறி ஓடின ஆளுக்குக் கரண்ட் எண்டாப் பயம்," என்றார். பிறகு சிரிப்பு நின்றது. "இவ்வளவு நேரமும் விசுவமடுவைப் பற்றித்தான் கதைச்சவர். இப்பதான் பிள்ளை, நீ இஞ்சை தனிய என்னண்டு இருந்தாய் எண்டு கேக்கத் துவங்கியிருக்கிறார்."

பின்னால் ஒரு கார்க் கண்ணாடி இறங்கும் சத்தம். ஓர் ஆணின் குரல், தூரத்தில்: "எவ்வளவு நேரமாம்?"

"அவர் கேக்கிறார், எவ்வளவு நேரம் இப்பிடி நிக்கவேணும் எண்டு."

திரையைப் பார்த்தேன். வீடு வரைக்கும் போதுமான அளவுக்கு இரண்டு மணித்தியாலம் பிடிக்கும். சொன்னேன்.

அக்கா காரிலிருந்து விலகி நடக்கும் சத்தம் கேட்டது.

"மூண்டு எண்டு சொல்லட்டோ?"

கஸ்பாரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த அழைப்பும் பதிவாகிக்கொண்டிருந்தது.

"மூண்டு எண்டே சொல்லுங்கோ அக்கா," என்றேன்.